விளையாட்டின் இசைக்கு வேலி வேண்டாம்

சென்னையிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால், நம் வீடுகளில் இருக்கும் இரண்டு திரைகளும் தயாராகிற இடம் வந்துவிடும். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலை. அங்கிருந்து தொலைக்காட்சிப் பெட்டிகள் வெளியே வருகின்றன. அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான், அங்கு ஐபோன். வழியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். அதன் சில கார்களில் ஓட்டுநருக்கு எதிரே ஒரு திரையும் நடுவில் ஒரு திரையும் ஒட்டிப் பொருத்தப்பட்டிருக்கின்றன. கண்ணாடியும் சிப்பும் கம்பியும் இங்கே ஒன்று சேர்கின்றன. அந்தத் திரைகளில் ஓடும் வீடியோ கேமும் அதன் இசையும் வேறு எங்கோ எழுதப்படுகின்றன. பெரிய திரையில் நடப்பதற்கு ஏற்பக் கையில் உள்ள திரையின் இசை மாறுவதும், கையில் தொட்டால் பெரிய திரையின் இசை மாறுவதும் இன்று சாத்தியம். இப்படி ‘இரு திரைகளில் ஆடுபவரோடு சேர்ந்து மாறும் இசை’ என்ற வழிமுறைக்கு ஒரு நிறுவனம் காப்புரிமை கேட்டால், இந்தியா அதை 20 ஆண்டுகளுக்குத் தர வேண்டுமா? தரக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அந்த இசையைத் தடுமாறாமல் ஓடவைக்கும் கருவிக்குத் தரலாம். இசை மாறும் என்ற எண்ணத்துக்குத் தரக் கூடாது. நம் சட்டம் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோடு மெல்ல மெல்ல அழிந்துகொண்டிருப்பதுதான் கவலை.

முதலில், விஷயம் புதிதல்ல. 1991இல் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனம் ‘மங்கி ஐலேண்ட் 2’ என்ற கணினி கேமை வெளியிட்டது. அதில் உட்டிக் என்றொரு ஊர். பழைய கப்பல்களை ஒன்றோடு ஒன்று கட்டி உருவான ஊர் அது. கதாநாயகன் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குள் நுழையும்போது, ஓடிக்கொண்டிருக்கும் மெட்டு அறுபடாமல் வாத்தியம் மட்டும் மாறும். வெளியே வந்தால் பழைய வாத்தியம் திரும்பிவிடும். மெட்டில் ஆங்காங்கே குறிகளை வைத்து, ஆடுபவர் என்ன செய்கிறார் என்று பார்த்து, அடுத்த குறி வரும் இடத்தில் இசையை வேறு பாதைக்குத் திருப்பும் ஏற்பாடு அது. ஐமியூஸ் என்ற பெயர் கொண்ட இந்த முறைக்கு 1994இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பிறகு 2004இல் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவி வந்தது. மேலே ஒரு திரை, கீழே தொடுதிரை. 15 கோடிக்கு மேல் விற்றது. 2012இல் வந்த அதே நிறுவனத்தின் வீ யூ கருவியில் ஒரு திரை சுவரோரம் தொலைக்காட்சியாகவும் இன்னொன்று கையிலும் இருந்தது. இரண்டுக்கும் தனித்தனி ஒலிபெருக்கி. திரை இரண்டானதும் இசையையும் இரண்டாகப் பிரித்து, இரண்டையும் ஆடுபவரின் கையசைவோடு கட்டுவது என்பது யாருக்கும் தோன்றக்கூடிய அடுத்த படி.

இத்தகைய விண்ணப்பம் ஒன்றில் மூன்று அடுக்குகள் கலந்திருக்கும். ஆடுபவர் செய்வதற்கேற்ப இசை மாற வேண்டும் என்ற எண்ணம் ஒன்று. எந்தத் திரையில் எந்த வாத்தியம், எப்போது எது அடங்க வேண்டும் என்ற அமைப்பு இரண்டாவது. இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே தாளத்தில் நிற்கும்படி மின்சுற்றும் மென்பொருளும் செய்யும் வேலை மூன்றாவது. முதலாவது எண்ணம், இரண்டாவது கலை, மூன்றாவதுதான் பொறியியல். விண்ணப்பத்தை எழுதும் வழக்கறிஞரின் திறமை, மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைத்து, மூன்றாவதன் கௌரவத்தை முதலாவதுக்கும் வாங்கித் தருவதில் இருக்கிறது. பரிசோதிக்கும் அதிகாரியின் வேலை அதைப் பிரித்துப் பார்ப்பது.

அப்படிப் பிரிப்பதற்கான கத்தி நம் சட்டத்திலேயே இருக்கிறது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 3, எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று பட்டியலிடுகிறது. 3(கே) கணித முறை, வணிக முறை, வெறும் கணினி நிரல், கணக்கீட்டுப் படிமுறை ஆகியவற்றை விலக்குகிறது. 3(எல்) இலக்கியம், நாடகம், இசை உள்ளிட்ட கலைப் படைப்புகளை விலக்குகிறது. 3(எம்) மனத்தால் செய்யும் செயலுக்கான திட்டத்தையும் ஓர் ஆட்டத்தை ஆடும் முறையையும் விலக்குகிறது. 3(என்) தகவலை எடுத்துக்காட்டும் விதத்தை விலக்குகிறது. இரு திரை இசைக் கேம் ஒன்று இந்த நான்கு வாசல்களிலும் ஒரே சமயத்தில் நிற்கிறது. இவை தற்செயலாக வந்தவையும் அல்ல. 3(கே) 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சட்டத்துக்குள் வந்தது. 2004 இறுதியில் ஒன்றிய அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம், தொழில்துறையில் தொழில்நுட்பப் பயன்பாடு உள்ள நிரல்களுக்கும் வன்பொருளோடு சேர்ந்த நிரல்களுக்கும் வழிவிடப் பார்த்தது. 2005இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியபோது அந்த வரி கைவிடப்பட்டது. மக்கள் பிரதிநிதிகள் தெரிந்தே மூடிய கதவு இது.

கதவைத் திறந்த நாடுகளில் என்ன நடந்தது என்பதற்கு கேம் உலகமே சாட்சி. கேம் ஏறும்வரை காத்திருக்கும் நேரத்தில் சின்ன ஆட்டம் ஒன்றை ஆடவிடும் யோசனைக்கு நாம்கோ நிறுவனம் 1995இல் விண்ணப்பித்து, 1998இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அதற்கு முன்பே, 1980களில், கொமடோர் 64 கணினியில் கேசட் ஓடி முடியும்வரை ஆடுவதற்கு இப்படியொரு ஆட்டம் இருந்தது. ஆனாலும் காப்புரிமை 2015வரை நின்றது. உலகெங்கும் ஆடுபவர்கள் அந்த ஆண்டுகளில் நகராத திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். காப்புரிமை காலாவதியானபோது காத்திருக்கும் நேரமே குறைந்துகொண்டிருந்தது. சமுதாயத்துக்குத் திரும்பி வந்தது தேவை தீர்ந்த யோசனை. வார்னர் பிரதர்ஸ் நிறுவனம், எதிரிகள் ஆடுபவரை நினைவில் வைத்துப் பழிதீர்க்கும் ‘நெமிசிஸ்’ முறைக்கு 2021இல் காப்புரிமை வாங்கியது. அதை உருவாக்கிய மோனோலித் ஸ்டுடியோவை 2025இல் மூடியது. ஆக்கியவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காப்புரிமை மட்டும் அலமாரியில் இருக்கிறது.

இசைக் கேம்களிலேயே நேரடியான உதாரணம் உண்டு. திரையில் அம்புக்குறிகள் மேலேற, பாட்டின் தாளத்துக்குக் காலால் மிதித்து ஆடும் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ ஜப்பானின் கொனாமி நிறுவனத்தினுடையது. அதே வகையில் ‘இன் தி குரூவ்’ என்ற ஆட்டத்தை உருவாக்கிய அமெரிக்கச் சிறு நிறுவனமான ராக்ஸர் மீது 2005இல் கொனாமி வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டு சமரசம். ஆட்டத்தின் உரிமைகள் கொனாமிக்குப் போயின. அண்மையில், 2024 செப்டம்பரில், ‘பால்வேர்ல்ட்’ கேமை உருவாக்கிய பாக்கெட்பேர் நிறுவனத்தின் மீது நின்டெண்டோவும் போகிமான் நிறுவனமும் டோக்கியோவில் காப்புரிமை வழக்குத் தொடுத்தன. தீர்ப்பு வருவதற்கு முன்பே, வழக்கின் காரணமாக ஆட்டத்தின் சில அம்சங்களை மாற்ற நேர்ந்ததாக பாக்கெட்பேர் தெரிவித்தது. இந்த வழக்குகளில் சண்டை படத்தைத் திருடியதற்காகவோ நிரலைத் திருடியதற்காகவோ அல்ல. ஆட்டம் எப்படி நடக்கிறது என்பதற்காக. சீட்டாட்டத்தில் துருப்பு வெட்டும் விதிக்கு ஒருவர் வாடகை வசூலிப்பது போன்றதுதான் இது.

நிகழ்வுக்கு ஏற்ப இசை மாறும் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுவாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்தில் மல்லாரி. தளிகை வரும்போது ஒரு மல்லாரி, தேர் அசையும்போது வேறொன்று. என்ன வாசிப்பது என்பதை முன்பே எழுதிய நிகழ்ச்சிநிரல் முழுவதுமாகத் தீர்மானிப்பதில்லை. சுவாமி எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது என்பது தீர்மானிக்கிறது. காஞ்சிபுரம் வட்டாரத்துக் கூத்தில் மத்தளக்காரரின் கண் ஆடுபவரின் காலில் இருக்கிறது. வேஷம் திரைக்குப் பின்னால் நிற்கும்போது ஒரு நடை, திரை விலகியதும் வேறொரு நடை, அடி பிசகினால் அதைத் தாங்கிப் பிடிக்க இன்னொன்று. கூத்தில் கணினி இல்லையே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் பழைய எண்ணத்தைக் கணினியில் செய்யச் சொன்ன மாத்திரத்தில் அது புதிய கண்டுபிடிப்பாகிவிடாது. இதைச் சொன்னது நம் ஊர்ப் பழமைவாதி யாருமல்ல; 2014இல் ஆலிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம். காப்புரிமை அதிகாரிகள் முன்னுதாரணத்தைப் பெரும்பாலும் பழைய காப்புரிமைகளிலும் ஆய்விதழ்களிலும் தேடுகிறார்கள். கூத்துக் களம் அந்தக் கோப்புகளில் இல்லை. புண் ஆற்ற மஞ்சள் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட காப்புரிமையை, பழைய நூல்களைக் காட்டி 1997இல் நாம் ரத்து செய்யவைக்க வேண்டியிருந்தது என்பது இங்கே நினைவில் இருக்க வேண்டும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு நியாயமானது: காப்புரிமை இல்லாவிட்டால் சென்னையிலோ கோவையிலோ நான்கு பேர் சேர்ந்து நடத்தும் கேம் ஸ்டுடியோவின் யோசனையைப் பெரிய நிறுவனம் சுருட்டிக்கொள்ளாதா? சுருட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த நான்கு பேரிடம் ஏற்கெனவே என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று பாருங்கள். நிரல், மெட்டு, பதிவான ஒலி, வரைந்த உருவம் எல்லாவற்றுக்கும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் துணை நிற்கிறது; பதிவு செய்யாமலேயே அந்த உரிமை பிறக்கிறது. பெயருக்கு வணிகச் சின்னம் உண்டு. காப்புரிமையோ விண்ணப்பம், பரிசோதனை, ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம், மீறப்பட்டால் நீதிமன்ற வழக்கு என்று நீளும். யாரிடம் வழக்கறிஞர் படை இருக்கிறதோ அவர் கையில் மட்டுமே அது ஆயுதம். நான்கு பேர் ஸ்டுடியோ தன் ஒரு காப்புரிமையால் ஒரு பெரிய நிறுவனத்தைத் தடுக்கும் வாய்ப்பைவிட, பெரிய நிறுவனங்களின் நூற்றுக்கணக்கான காப்புரிமைகளில் ஏதோ ஒன்றில் அது இடறி விழும் வாய்ப்புதான் அதிகம்.

வழக்கு எவ்வளவு நீளும் என்பதற்குத் தமிழ்நாடே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. 125 சிசி பைக் எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் விஷயத்தில் பஜாஜ் நிறுவனத்துக்கும் ஓசூர் டிவிஎஸ் நிறுவனத்துக்கும் நடந்த மோதல் அது. பஜாஜுக்கு 2005இல் காப்புரிமை கிடைத்தது. 2007இல் டிவிஎஸ் ‘ஃபிளேம்’ பைக்கை அறிவித்தது. 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடை விதித்தார். 2009 மே மாதம் இரு நீதிபதி அமர்வு தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விற்பனைக் கணக்கை முறையாக வைத்துக்கொண்டு விற்கலாம் என்றதோடு, இத்தகைய வழக்குகளை நாள்தோறும் விசாரித்து விரைவில் முடிக்க வேண்டும் என்றும் சொன்னது. இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டது 2019இல். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய எஞ்சினுக்கே, அதுவும் வழக்காடும் வசதி உள்ள இரண்டு பெரிய நிறுவனங்களுக்கே, இந்த நிலை. பல மொபைல் கேம்களின் ஆயுள் சில மாதங்களே. தடை ஆணை கேட்டு மனு போடுவதே தீர்ப்புக்குச் சமம்.

இரண்டாவது மறுப்பு: ஐமியூஸ் காப்புரிமை இருந்தும் மாறும் இசை உலகெங்கும் வளரத்தானே செய்தது, பிறகென்ன பயம்? வளர்ந்தது உண்மை. லூகாஸ்ஆர்ட்ஸ் தன் உரிமையைக் கொண்டு எல்லோரையும் துரத்தவில்லை. மற்றவர்களும் வேறு வழிகளில் அதே விளைவைக் கண்டார்கள். ஆனால் இது காப்புரிமைக்குச் சாதகமான வாதம் அல்ல. யாரும் பயன்படுத்தாத தடையால் இசை வளரவில்லை. தடையைப் பொருட்படுத்தாததால் வளர்ந்தது. உரிமையாளரின் நல்ல மனத்தை நம்பி ஒரு தொழிலை நடத்த முடியாது. நிறுவனம் கைமாறும், கடனில் மூழ்கும், காப்புரிமைகள் மட்டும் தனியே விற்கப்படும். வாங்குபவர் கேம் செய்பவராக இருக்க வேண்டியதில்லை. நோட்டீஸ் அனுப்பிப் பணம் வசூலிப்பதே தொழிலாகக் கொண்டவராக இருக்கலாம்.

மூன்றாவது மறுப்பு, வெளிநாட்டு முதலீடும் உலக வர்த்தக ஒப்பந்தமும். தொழில்நுட்பத்தின் எல்லாத் துறைகளிலும் காப்புரிமை தர வேண்டும் என்கிறது டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 27ஆவது பிரிவு. நாம் அதை மீறுகிறோமா? கண்டுபிடிப்புகளுக்குத் தர வேண்டும் என்கிறதே தவிர, எது கண்டுபிடிப்பு என்று அது வரையறுக்கவில்லை. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 52ஆவது பிரிவும் ஆட்டம் ஆடும் முறை, கணினி நிரல், தகவலை எடுத்துக்காட்டுவது ஆகியவற்றை, அவை மட்டுமே என்ற அளவில், கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. அதற்காக ஐரோப்பாவை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. முதலீடு ஓடிவிடும் என்ற பூச்சாண்டியும் பழையது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் ‘கிளிவெக்’ புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நிராகரிக்கக் காரணமாக இருந்ததும் இதே பிரிவு 3தான். அந்த ஆண்டுகளில்தான் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் வளர்ந்தன. இங்கே வந்தவர்கள் துறைமுகத்தையும் நிலத்தையும் பயிற்சி பெற்ற கைகளையும் பார்த்து வந்தார்கள்.

நான்காவது மறுப்புதான் கனமானது. பொருளின் மதிப்பு இன்று கண்ணாடியில் இல்லை, அதில் ஓடும் மென்பொருளில் இருக்கிறது. மென்பொருளுக்குக் காப்புரிமை மறுத்தால் ஸ்ரீபெரும்புதூர்த் தொழில்தடம் என்றைக்கும் திருகாணி முடுக்கும் இடமாகவே இருக்காதா? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையைச் சான்றாகக் காட்டுவார்கள். 2006இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை, 2014 நவம்பர் 1 அன்று நின்றது. இடையில் 2013இல் வருமான வரித் துறை சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. காரணம், இங்கே தயாரான போன்களில் ஏற்றிய மென்பொருளுக்காக ஃபின்லாந்துத் தலைமையகத்துக்குப் போன ராயல்டி. மென்பொருள் யாருடையது என்ற கேள்வி ஓர் ஆலையின் கழுத்தை எப்படி நெரிக்கும் என்பதை அந்தத் தொழிலாளர்கள் அறிவார்கள். ஆனால் அந்த ராயல்டி ஃபின்லாந்துக்குப் போனது, மென்பொருளை எழுதியவர்கள் அங்கே இருந்ததால். இந்தியச் சட்டம் ஆட்ட முறைகளுக்கும் காப்புரிமை தந்திருந்தால், வெளியே போகும் ராயல்டிக்கு இன்னொரு காரணம் கூடியிருக்குமே தவிர, ஒரு ரூபாய் உள்ளே வந்திருக்காது. இங்கே எழுதுபவர் அமெரிக்காவில் விண்ணப்பிப்பதை இந்தியச் சட்டம் தடுக்கவும் இல்லை. நம் காப்புரிமை அலுவலகத்திடம் முன் அனுமதி வாங்கினால் போதும்.

அப்படியானால் எதற்குத் தரலாம்? இரு திரை இசையிலேயே பதில் இருக்கிறது. தொலைக்காட்சி தனக்கு வரும் படத்தை மெருகேற்றிக் காட்ட ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். ஒலியையும் அதற்கேற்பப் பிடித்து வைக்கும். கையில் உள்ள திரை அப்படிக் காத்திருக்காது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் போதும், ஒரு மிருதங்க அடி இரண்டாகக் கேட்கும். தாளத்துக்குத் தொட வேண்டிய ஆட்டம் அத்தோடு கெட்டது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி மாறும், தாமதமும் மாறும். அந்தத் தாமதத்தைத் தானாக அளந்து, கம்பியில்லா இணைப்பின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து ஈடுகட்டும் ஒரு சுற்றையோ முறையையோ ஒருவர் கண்டுபிடித்தால், அது பொறியியல். அதற்குக் காப்புரிமை கொடுங்கள். அதனால் எந்த இசையமைப்பாளருக்கும் தடை இல்லை. வேறு வழியில் அதே பிரச்சினையைத் தீர்ப்பவருக்கும் தடை இல்லை. தொலைக்காட்சியும் போனும் காரும் தயாராகும் இந்த வட்டாரத்துக்குப் பொருத்தமான வேலையும் இதுதான்.

கோடு அழிகிறது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2016இல் காப்புரிமை அலுவலகத்தின் வழிகாட்டு நெறிகள், நிரலோடு புதுமையான வன்பொருளும் இருக்க வேண்டும் என்றன. 2017இல் அந்த நிபந்தனை போய்விட்டது. 2019இல் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், ‘தொழில்நுட்ப விளைவு’ அல்லது பங்களிப்பு இருந்தால் 3(கே) தடையாகாது என்றது. கொள்கையளவில் தவறில்லை, தாமதத்தை ஈடுகட்டும் சுற்று அந்தச் சோதனையில் தேறும். ஆனால் நடைமுறையில் ‘தொழில்நுட்ப விளைவு’ என்ற சொற்றொடர் விண்ணப்பத்தில் ஒட்டும் முத்திரையாகிவிடக் கூடாது. ஆடுபவரின் மகிழ்ச்சி கூடுகிறது என்பது தொழில்நுட்ப விளைவல்ல. கூடவே, எண்ணிக்கை மோகம் வேறு. 2023-24இல் நாட்டில் 92,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் வழங்கப்பட்டன. ஒன்றிய அரசின் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசையில் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு என்பதால், பொறியியல் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடுவதே ஒரு வேலையாகிவிட்டது. எண்ணிக்கையைக் கொண்டாடும் சூழலில், ‘இது கண்டுபிடிப்பல்ல’ என்று எழுதும் அதிகாரிக்குக் கைதட்டல் கிடைக்காது.

செய்ய வேண்டியவை சில. கேம் தொடர்பான விண்ணப்பங்களில் கிண்டியில் உள்ள சென்னைக் காப்புரிமை அலுவலகம் 3(கே)யோடு நின்றுவிடாமல், 3(எல்), 3(எம்), 3(என்) மூன்றையும் தனித்தனியே எழுதிப் பரிசோதிக்க வேண்டும். காப்புரிமை வழங்கும் முன் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுப்பலாம் என்கிறது பிரிவு 25(1). மருந்துத் துறையில் நோயாளிகள் அமைப்புகள் பயன்படுத்திய அந்த வாய்ப்பை, கேம் ஸ்டுடியோக்களும் இசைக் கல்லூரிகளும் பயன்படுத்த வேண்டும். கூத்தையும் மல்லாரியையும் அறிந்தவர்களின் வாக்குமூலம் அங்கே சான்றாக வேண்டும். தரவரிசையில் விண்ணப்ப எண்ணிக்கைக்குப் பதில், உற்பத்தியில் பயன்படுத்தப்பட்ட காப்புரிமைக்கு மதிப்பெண் தர வேண்டும். இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்து மற்ற கேம்களை வளர்க்கப்போவதாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. வளர்ப்பது என்றால், அடுத்தவர் யோசனையில் கால் பட்டுவிடுமோ என்ற அச்சமில்லாமல் எழுதவும் இசைக்கவும் விடுவதுதான் அதன் முதல் படி. வர்த்தக ஒப்பந்தப் பேச்சுகளில் பிரிவு 3ஐத் தளர்த்தும்படி கோரிக்கை வந்தால், இரண்டு திரைகளையும் தயாரிக்கிற மாநிலத்தின் எம்.பி.க்கள் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தத் தளர்வால் ஸ்ரீபெரும்புதூரில் புதிதாக எழுதப்படப்போவது எத்தனை வரி, வெளியே போகப்போவது எத்தனை கோடி? அதற்குக் கணக்கு காட்டும்வரை அந்தப் பிரிவில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது.